காலத்தில் அறிந்தால் எலும்பும் துளிர்க்கும்

மழைக்காலத்தில் மும்பைக்கு வந்தவர்கள் கிங்ஸ் சர்க்கிளை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். மாட்டுங்காவின் கோயில்களுக்கும் காபிக் கடைகளுக்கும் பூக்கடைகளுக்கும் செல்லும் வழி அது. சண்முகானந்த சபையில் கச்சேரி கேட்கச் செல்வோரும் அவ்வழியே செல்வர். அங்கே நிலம் தாழ்ந்து கிடக்கிறது. ஆடி மாதத்தில் பெருமழை கொட்டி, அதே வேளையில் கடலும் ஏறி நிற்குமானால், சுற்றுப்புறத்து நீரெல்லாம் அவ்விடத்தே வந்து தேங்கிவிடும். புகுந்த நீர் வெளியேற வழியில்லை. ஆகவே பாலும் காய்கறியும் கொண்டுவரும் வண்டிகள் உள்ளே வரவும் வழியில்லை. நீர் வடியும்வரை அவ்வட்டாரத்தின் அன்றாட வாழ்வு நின்றுவிடுகிறது.

இவ்வெள்ளத்தை ஏன் நினைவூட்டுகிறோம் என்று நேயர்கள் கேட்கலாம். இதே போன்றதொரு தேக்கம் மனித உடலின் ஓர் எலும்பினுள்ளும் நேர்கிறது. அதனால் விளையும் நோயைக் காலத்தில் கண்டறிந்தால், எலும்பை மீண்டும் துளிர்க்கச் செய்ய இன்றைய மருத்துவத்தில் ஒரு வழி உண்டு. காலம் தாழ்ந்தால் அவ்வழி அடைபட்டுவிடும். பிறகு எத்தனை லட்சம் செலவிட்டாலும் அது திறவாது. பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு அத்தாமதம் எவ்வெவ் வழிகளில் வந்து சேர்கிறது என்பதையும், அதனை எவ்வாறு குறைத்துக்கொள்ளலாம் என்பதையும் இன்று சிந்திப்போம்.

நமக்கு நன்கு பழக்கமான நண்பர் ஒருவர் தாராவியில் வாழ்கிறார். பிறந்த ஊர் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூர். விடியுமுன் எழுந்து, மனைவியாருடன் இட்டிலி அவித்து, பாத்திரங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வந்து விற்பது அவரது தொழில். 2021ஆம் ஆண்டு கோவிட் நோயின் இரண்டாம் அலை வீசியபோது அவருக்கும் அந்நோய் கண்டது. மருத்துவமனையில் சேர்த்துப் பிராணவாயுவும் ஸ்டிராய்டு மருந்தும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அப்போது அவருக்கு வயது 38. பிழைத்து வீடு திரும்பியதே பெரும்பேறு என்று எல்லோரும் மகிழ்ந்திருந்தோம்.

அவ்வாண்டு ஆவணி மாதத்தில் அவருக்கு வலது முழங்காலில் வலி தொடங்கிற்று. சைக்கிள் மிதிப்பதால் வந்தது என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டார். இரண்டு மாதம் சென்றபின் அண்மையிலுள்ள ஒரு டாக்டரிடம் காட்டினார். முழங்காலை எக்ஸ்-ரே படம் எடுத்தார்கள். படத்தில் குறையொன்றும் இல்லை. வலி மாத்திரைகள் கொடுத்து அனுப்பினார்கள். தீபாவளிக்கு ஊருக்குச் சென்றபோது நாட்டு வைத்தியர் ஒருவர் எண்ணெய்க் கட்டுப் போட்டார். அதன்பின் வலி தொடைக்கும், அடிவயிறும் தொடையும் சேரும் மடிப்புக்கும் ஏறிற்று. பொங்கலன்று உறவினர் வீட்டில் இலை போட்டு உண்ண உட்கார்ந்தபோது அவரால் சம்மணமிட முடியவில்லை. நாற்காலி கேட்டு வாங்கி, கூச்சத்துடன் உண்டு எழுந்தார். அன்று நாமும் அப்பந்தியில் இருந்தோம். வயது நாற்பதைத் தொடாதவர் சம்மணமிட முடியாமற் போவதன் பொருளை நம்மில் ஒருவரும் உணரவில்லை.

நோயின் இயல்பை இங்கே சிறிது விளக்க வேண்டும். தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து போன்றது. அப்பந்து இடுப்பெலும்பில் உள்ள ஒரு கிண்ணத்தில் பொருந்தி நின்று எல்லாப் பக்கமும் சுழல்கிறது. நாம் நிற்பதும் நடப்பதும் குந்துவதும் சம்மணமிடுவதும் அப்பந்தின் உருட்சியாலேதான். இத்துணை முக்கியமான உறுப்புக்கு இரத்தம் வரும் வழியோ மிகக் குறுகியது. எலும்பின் கழுத்தை ஒட்டி ஏறும் சில மெல்லிய குழாய்களே அதனைப் பெரும்பாலும் ஊட்டி வளர்க்கின்றன. எலும்பு முறிவினால் அக்குழாய்கள் அறுபடலாம். ஸ்டிராய்டு மருந்தாலும் மிகுதியான மதுவாலும் எலும்பினுள்ளே கொழுப்பு பெருகி, உள்ளழுத்தம் ஏறி, குழாய்கள் நசுங்கலாம். அரிவாளணுச் சோகை முதலிய இரத்த நோய்களில் குழாய்கள் அடைபடலாம். எலும்பு ஓர் அடைத்த பெட்டியாதலால், உள்ளே பெருகியது வெளியே வழிய இடமில்லை. மழைநீர் தேங்கிய கிங்ஸ் சர்க்கிளைப் போலவே, உள்ளே தேக்கம். வெளியிலிருந்து உணவு வர வழியில்லை. இரத்தம் கிட்டாத எலும்பு சிறிது சிறிதாக மடிகிறது. இதனை மருத்துவர்கள் ஏ.வி.என். என்று சுருக்கமாகக் குறிப்பிடுவர். நாம் இதனை எலும்பு மடியும் நோய் என்று வழங்குவோம்.

இது முதியோரின் மூட்டுத் தேய்வு அன்று. பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதினரை, அதாவது ஒரு குடும்பம் சாய்ந்து நிற்கும் தூண்களை, இது தாக்குகிறது. முறிவினால் அன்றிப் பிற காரணங்களால் வரும்போது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு பக்கத்து மூட்டுகளையும் பற்றுகிறது. ஆனால் இரு பக்கமும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. இதனை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும். நண்பரின் கதையில் இது பின்னர் வரும்.

கோவிட் காலத்தில் ஸ்டிராய்டு கொடுத்தது பிழையோ என்று எவரும் எண்ணிவிடலாகாது. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளின் இறப்பை டெக்சாமெதசோன் என்னும் ஸ்டிராய்டு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பதைக் கண்டு அறிவித்தார்கள். நம் நண்பரின் உயிரைக் காத்ததில் அதற்குப் பங்குண்டு. உயிரைக் காத்த மருந்து பிற்பாடு ஒரு தொல்லையை விட்டுச் செல்லக்கூடும் என்பதே அறியத்தக்கது. அவ்வறிவு நமக்கு அருகிலேயே கிடைத்தது. 2021ஆம் ஆண்டில் மாஹிமில் உள்ள ஹிந்துஜா மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சஞ்சய் அகர்வாலாவும் அவர்தம் குழுவினரும் கோவிட் நோயினின்று மீண்ட மூவருக்கு இந்த எலும்பு நோய் வந்ததைப் பிரிட்டிஷ் மருத்துவ வெளியீடு ஒன்றில் எழுதினார்கள். அம்மூவர் உட்கொண்ட ஸ்டிராய்டின் சராசரி, பிரெட்னிசோலோன் கணக்கில், 758 மில்லிகிராம். முன்னைய நூல்கள் சுமார் 2000 மில்லிகிராம் உட்கொண்டவர்களிடத்தே இந்நோயை எதிர்பார்த்தன. நோய் வெளிப்பட ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும் என்பது பழைய கணக்கு. இம்மூவருக்கோ கோவிட் கண்ட நாளிலிருந்து சராசரியாக 58ஆம் நாளிலேயே வெளிப்பட்டுவிட்டது. குறைந்த அளவு மருந்து, குறைந்த கால இடைவெளி. இவையிரண்டும் மருத்துவர்க்கும் நோயாளிக்கும் ஓர் எச்சரிக்கையாக அமைந்தன.

மாட்டுங்காவிலிருந்து மாஹிம் கூப்பிடு தொலைவுதான். ஆயினும் அவ்வெச்சரிக்கை நம் நண்பரை வந்தடையவில்லை. எங்கெங்கே அவர் காலம் இழந்தார் என்று எண்ணிப் பார்த்தால், மூன்று இடங்கள் புலப்படுகின்றன.

முதலாவது இடம் அவரது உடலும் நமது மொழியும் சேர்ந்து செய்தது. இடுப்பு மூட்டில் தோன்றும் நோய் பல சமயம் இடுப்பில் வலிப்பதில்லை. தொடையிலோ முழங்காலிலோ வலிக்கும். இரு மூட்டுகளுக்கும் பொதுவான நரம்புகள் உண்டாதலால் மூளை இடம் தெரியாமல் மயங்குகிறது. ஆகவே முழங்காலைப் படமெடுத்தால் குறை தெரியாது. குறை இருப்பது மேலேயன்றோ! பின்னர் வலி மேலேறியபோது நண்பர் வேறொரு டாக்டரிடம் சென்றார். தமிழில் இடுப்பு என்பது ஒரே சொல். புடவை செருகும் இடமும் இடுப்பு. குழந்தையைத் தூக்கி வைக்கும் இடமும் இடுப்பு. முதுகின் அடிப்பாகத்தில் வலித்தாலும் இடுப்பு வலி என்றே சொல்கிறோம். அச்சொல்லை அவர் தமக்குத் தெரிந்த இந்தியில் ‘கமர்’ என்று பெயர்த்தார். கமர் வலி என்றால் முதுகின் அடிப்பாகத்து வலி என்று டாக்டர் கொண்டார். முதுகெலும்பைப் படமெடுத்து, நரம்பு அழுந்தியிருக்கலாம் என்று கருதி, பட்டை கட்டி, உடற்பயிற்சி சொல்லி அனுப்பினார். நண்பர் நம்மிடம் வந்து, “அண்ணாச்சி, வலி தொடைச் சந்தில் இருக்கிறது, அவர்கள் முதுகையே பார்க்கிறார்கள்” என்று வருந்தினார். நாம் மூத்தவர் என்ற முறையில் கூறிய யோசனை என்ன தெரியுமா? டாக்டர் சொன்னபடி பட்டையைக் கட்டுங்கள் என்பதுதான்.

இந்தியில் இடுப்பு மூட்டுப் பகுதிக்குக் ‘கூல்ஹா’ என்றும், மராத்தியில் ‘குபா’ என்றும் பெயர். இவ்விரு சொற்களை மும்பைத் தமிழர் அறிந்திருப்பது நன்று. சொல் வராவிட்டால் விரலால் தொட்டுக் காட்டலாம். வேட்டி மடிப்பின் கீழே, தொடை தொடங்கும் இடத்தைக் காட்டி, இங்கே என்று சொன்னால் எந்த மொழிக்காரருக்கும் புரியும். கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் வாழ்வோரும், தில்லிக் கரோல் பாக்கில் வாழ்வோரும் தத்தம் இடத்து மொழியில் உடலுறுப்புகளின் பெயர்களைக் கற்றுக்கொள்வது, கடையில் பேரம் பேசக் கற்பதினும் முந்திச் செய்யவேண்டிய காரியம்.

இரண்டாவது இடம் எக்ஸ்-ரே படத்தின் மௌனம். ராண்ட்கன் 1895ஆம் ஆண்டு கண்டுபிடித்த அக்கதிர்கள் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் காட்டும். உயிருள்ள எலும்பிலும் சுண்ணாம்பு உண்டு. அண்மையில் மடிந்த எலும்பிலும் அதே சுண்ணாம்பு உண்டு. ஆதலால் நோயின் தொடக்கத்தில் படம் குற்றமற்றதாகவே தோன்றும். கரையான் உள்ளே அரித்த உத்திரம் வெளியே வர்ணம் கலையாமல் நிற்பதை நம் கிராமத்து வீடுகளில் கண்டிருக்கிறோம். அது போன்றதே இதுவும். காந்தப் புலத்தைக் கொண்டு உள்ளுறுப்பைக் காட்டும் எம்.ஆர்.ஐ. பரிசோதனை ஒன்றே இத்தொடக்க நிலையைத் தெளிவாகப் புலப்படுத்தும். அதற்கும் முன்பாக, செலவில்லாத ஒரு பரிசோதனை உண்டு. நோயாளியைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, காலை மெல்ல உட்புறமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டில் நோய் இருந்தால் அவ்வசைவு வலிக்கும்; குறைந்தும் இருக்கும். ஒரு நிமிடமும் ஆகாத இச்சோதனையை நண்பருக்கு முதன்முதலில் செய்தவர் மருத்துவப் பயிற்சி முடித்து வந்திருந்த ஓர் இளம் டாக்டர். அது 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். வலி தொடங்கி எட்டு மாதங்கள் கழிந்துவிட்டன.

மூன்றாவது இடம் வரிசை. பொது மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கட்டணம் குறைவு, கூட்டம் அதிகம். இயந்திரம் ஒன்று, அதனை நாடி வருவோர் நூற்றுக்கணக்கினர். அவருக்குக் கிடைத்த நாள் ஏழு வாரம் தள்ளியிருந்தது. தனியார் நிலையத்தில் மறுநாளே எடுக்கலாம். ஆனால் அதன் கட்டணம் அவரது பல நாள் வருமானம். கூரைக்கும் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் இடையில் அத்தொகை எங்கிருந்து வரும்? காத்திருப்போம் என்றார். உழைப்பாளிக்குக் காத்திருத்தல் என்பது சும்மா இருத்தல் அன்று. பாத்திரச் சுமையோடு நொண்டி நடப்பதே அவரது காத்திருத்தல். மடிந்த எலும்பின் மீது நாள்தோறும் உடலின் பாரத்தைப் போல் சில மடங்கு பாரம் ஏறியது.

ஜூன் மாதத்தில் படம் வந்தது. வலது பக்கத்துப் பந்து உள்ளே நொறுங்கித் தட்டையாகியிருந்தது. இடது பக்கத்திலும் அதே நோய் கண்டது. ஆனால் அங்கே பந்தின் வடிவம் சிறிதும் குலையவில்லை. இடப்பக்கத்தில் அவருக்கு வலியே தோன்றியிருக்கவில்லை. வலப்பக்கத்தைத் தேடப் போய் அது தற்செயலாகக் கண்ணில் பட்டது. ஒரே மனிதர், ஒரே மருந்து, ஒரே நோய். ஒரு பக்கம் காலம் கடந்துவிட்டது, மறுபக்கம் காலம் இருந்தது. தாமதம் என்பது என்ன செய்யும் என்று அறிய விரும்புவோர்க்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

இனி மீளாக்க மருத்துவம் என்பது யாது என்று பார்ப்போம். பழுதடைந்த உறுப்பை வெட்டி எறியாமலும், செயற்கைப் பொருளால் ஈடு செய்யாமலும், உடலின் சொந்த உயிரணுக்களைக் கொண்டே அதனை மீண்டும் வளரச் செய்ய முயலும் மருத்துவம் அது. மஜ்ஜையில் எலும்பை உண்டாக்க வல்ல உயிரணுக்கள் உண்டு என்பதை ரஷ்ய விஞ்ஞானி பிரீடென்ஸ்டைன் 1960களில் காட்டினார். குருத்தணு என்றும், பொதுமக்கள் வழக்கில் ஸ்டெம் செல் என்றும் சொல்லப்படுபவற்றுள் இவையும் அடங்கும். பாரிஸ் நகரத்தை அடுத்த கிரெத்தெய் என்னும் ஊரைச் சேர்ந்த டாக்டர் பிலிப் எர்னிகூ இவ்வறிவை எலும்பு மடியும் நோய்க்குப் பயன்படுத்தினார். நோயாளியின் இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, செறிவாக்கி, தொடை எலும்பின் பந்தினுள் ஒரு சிறு துளை வழியே செலுத்துவது அவர் முறை. துளையிடுவதால் உள்ளழுத்தம் தணிகிறது; தேங்கிய வெள்ளத்திற்கு ஒரு வடிகால் கிடைத்தது போல் ஆகிறது. உட்செலுத்திய உயிரணுக்கள் புதிய எலும்பு உண்டாக உதவுகின்றன.

2002ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கணக்கு இப்பேச்சின் உயிர்நாடி. 116 நோயாளிகளின் 189 மூட்டுகளுக்கு இச்சிகிச்சையைச் செய்து, 5 முதல் 10 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். பந்து நொறுங்குவதற்கு முன் செய்யப்பட்டவை 145 மூட்டுகள். அவற்றுள் 9 மட்டுமே பின்னர்ச் செயற்கை மூட்டுக்கு உள்ளாயின. நொறுங்கிய பின் செய்யப்பட்டவை 44 மூட்டுகள். அவற்றுள் 25 செயற்கை மூட்டுக்கு உள்ளாயின. அதாவது, முன்னதில் நூற்றுக்கு ஆறு. பின்னதில் நூற்றுக்கு ஐம்பத்தேழு. மருத்துவர் அவரே, முறை அதுவே, உயிரணுவும் அதுவே. வேறுபட்டது, நோயாளி வந்து சேர்ந்த கட்டம் ஒன்றுதான். பிற்காலத்து ஆய்வுகள் எல்லாம் ஒரே அளவு நன்மையைக் காட்டிவிடவில்லை. நோய் பற்றிய பரப்பு பெரிதாயின் பயன் குறைகிறது என்பதும் தெரிந்தது. ஆயினும் பந்தின் வடிவம் குலையுமுன் செய்ய வேண்டும் என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேற்றுமை இல்லை. விதை நல்லதாயினும், இடிந்து விழுந்த கரையில் நாற்று நிற்குமா?

படம் வந்த மறுவாரமே நண்பரின் கதையில் ஒரு புதிய திருப்பம் நேர்ந்தது. நகரில் ஒரு சிகிச்சை நிலையம். அறுவை இன்றி ஸ்டெம் செல் மூலம் மூட்டைப் புதுப்பித்துத் தருவதாக விளம்பரம். நண்பர் தம் படங்களுடன் சென்றார். நொறுங்கிய வலது மூட்டுக்கே மூன்று தவணை ஊசி என்றும், தொகை சில லட்சம் என்றும் கூறினார்கள். எந்தக் கட்டத்தில் நோய் நிற்கிறது என்று அவர்கள் ஒரு சொல்லும் விளக்கவில்லை. நண்பரின் மனைவியார் நகைகளை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் புறப்பட்டுவிட்டார். நல்ல வேளையாக, படத்தை முதலில் கேட்ட இளம் டாக்டரிடம் ஒரு சொல் கேட்டுவிடுவோம் என்று தோன்றிற்று. அவர் சொன்னது இது: “தளம் இடிந்து விழுந்த பிறகு சிமெண்டுக் குழம்பு ஊற்றினால் தளம் மேலெழுமா? வலப்பக்கத்துக்கு மூட்டு மாற்றுதான். உங்கள் பணத்தையும் நாளையும் இடப்பக்கத்துக்காகக் காப்பாற்றுங்கள்.”

இவ்விடத்தில் சட்டத்தின் நிலையையும் நேயர்கள் அறிந்திருப்பது நலம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று முதலிய ஏற்கப்பட்ட சிகிச்சை நீங்கலாக, குருத்தணுக்களை முறையான ஆய்வுச் சோதனைக்கு வெளியே நோயாளிக்குச் செலுத்துதல் தகாது. ஆய்வுச் சோதனை என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், பதிவு வேண்டும், சோதிக்கப்படும் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கலாகாது. அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தனித்தனியே ஆராய்ந்து அனுமதி அளித்த சில உயிரணு மருந்துகளும் உண்டு. நோயாளியின் சொந்த எலும்பணுக்களைச் சோதனைக்கூடத்தில் வளர்த்துத் திரும்பச் செலுத்தும் ஒரு மருந்து 2017ஆம் ஆண்டில் அத்தகைய அனுமதி பெற்றது. ஆகவே ஒரு நிலையத்தில் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. இது அனுமதி பெற்ற மருந்தா, அன்றி ஆய்வா? என் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? ஆய்வு என்று சொல்லிப் பணமும் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். கட்டத்தைச் சொல்லாமல் சிகிச்சையைச் சொன்னாலும் எழுந்து வந்துவிடலாம்.

நண்பரின் இடது மூட்டுக்கு ஒரு மருத்துவமனையில், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு நடந்த ஆய்வொன்றில் சேர்த்து, துளையிட்டு மஜ்ஜைச் செறிவைச் செலுத்தினார்கள். ஆறு வாரம் ஊன்றுகோலுடன் நடந்தார். ஒவ்வோராண்டும் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். இன்றளவும் அப்பந்து உருண்டையாகவே நிற்கிறது. வலது மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தார்கள். 1962ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்பவர் வெற்றிபெறச் செய்த அறுவையின் வழிவந்தது அது. வலியை நீக்குவதில் அதற்கு நிகர் வேறில்லை. அதனை நாம் குறைத்துக் கூறலாகாது. ஆயினும் அதற்கும் ஆயுள் உண்டு. 2019ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளிவந்த கணக்கின்படி, இத்தகைய மூட்டுகளில் நூற்றுக்கு 58 ஏறத்தாழ 25 ஆண்டுகள் நிலைக்கின்றன. எழுபது வயதில் வைத்துக்கொண்டவருக்கு அஃது ஆயுட்காலத்துக்குப் போதும். முப்பத்தொன்பது வயதில் வைத்துக்கொண்டவர், முதுமையில் இன்னொரு முறை அறுவைக்கு உள்ளாக நேரலாம். குந்துவதையும் சம்மணமிடுவதையும் தவிர்க்குமாறு அவருக்கு டாக்டர் கூறியிருக்கிறார். தரையில் அமர்ந்து மாவரைத்த தொழிலை இப்போது மேசை உயரத்தில் நின்று செய்கிறார். சைக்கிளில் சென்று விற்பதை அவர் தம்பி ஏற்றுக்கொண்டுள்ளார்.

வெளியூரில் பிழைப்போர்க்கே உரிய ஒரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இங்கே உடம்புக்கு வந்தால், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்வோம் என்கிறோம். ஊருக்குப் போனால், மும்பையில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே, அங்கே காட்டிக்கொள்வோம் என்கிறோம். இவ்விரண்டுக்கும் நடுவே ரெயிற்பயணத்திலும் திருவிழாவிலும் மாதங்கள் கழிகின்றன. இங்கே எடுத்த படம் அங்கே போவதில்லை. அங்கே எழுதிய சீட்டு இங்கே வருவதில்லை. ஒவ்வொரு டாக்டரும் முதலிலிருந்தே தொடங்குகிறார். நண்பரின் முழங்காற் படமும் முதுகுப் படமும் கோவிட் சிகிச்சைச் சீட்டும் ஒரே உறையில் இருந்து, அவ்வுறை ஒரே டாக்டரின் மேசைக்கு வந்திருந்தால், ஸ்டிராய்டு என்னும் சொல்லும், எங்கும் குறை காணப்படாத வலியும் ஒன்றையொன்று சந்தித்திருக்கும். இடுப்பு மூட்டைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் சில மாதம் முன்னரே பிறந்திருக்கும்.

ஆகவே நாம் கடைப்பிடிக்க வேண்டியவை சில. ஸ்டிராய்டு மருந்து உட்கொண்டவர் எவரும், அஃது ஆஸ்துமாவுக்கோ தோல் நோய்க்கோ மூட்டு வாதத்திற்கோ கோவிட்டுக்கோ ஆயினும், அச்சீட்டைப் பத்திரப்படுத்துக. டாக்டரைக் கேளாமல் அம்மருந்தைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, அதனையும் செய்யற்க. தொடைச் சந்தில் வலி, காரணம் தெரியாத முழங்கால் வலி, சம்மணமிடுவதில் புதிதாகத் தோன்றும் கடினம் ஆகியவை சில வாரங்களுக்கு மேல் நீடித்தால், ஸ்டிராய்டு உண்டதையும் மது அருந்தும் வழக்கம் உண்டெனில் அதனையும் மறைக்காமல் டாக்டரிடம் கூறுக. இடுப்பு மூட்டைத் திருப்பிப் பார்க்குமாறு பணிவுடன் கேட்கலாம், அதில் பிழையில்லை. எக்ஸ்-ரே நன்றாயிருந்தும் வலி நின்றபாடில்லை என்றால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று வினவுக. ஒரு பக்கம் நோய் கண்டால் மறுபக்கத்தையும் பார்க்கச் சொல்லுக. வரிசை நீளமானால், பெரிய பொது மருத்துவமனைகளில் உள்ள சமூகப் பணியாளரை அணுகுக. அறக்கட்டளை உதவியைப் பெற்றுத் தரும் பணி அவர்களுடையது. முடிவு தெரியும்வரை சுமை தூக்காமல் கோலூன்றி நடப்பதும் ஒருவகைச் சிகிச்சையே. அது பற்றி டாக்டரிடம் கேட்டறிக.

தனிமனிதரால் மட்டும் ஆகிற காரியமன்று இது. நம் சங்கங்களும் சபைகளும் விழா எடுப்பதில் பேர் பெற்றவை. எம்.ஆர்.ஐ. கட்டணத்துக்கு ஒரு சிறு கைமாற்று நிதியை அச்சங்கங்கள் வைத்திருந்தால், ஏழு வாரம் ஒரு நாளாகச் சுருங்கும். மராத்தியும் இந்தியும் நன்கறிந்த இளைஞர் ஒருவர் நோயாளியுடன் மருத்துவமனைக்குச் சென்றால், கமர் என்னும் ஒரு சொல்லால் மூன்று மாதம் வீணாகாது. இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

சென்ற பொங்கலன்று அதே உறவினர் வீட்டில் பந்தி நடந்தது. நண்பருக்கு முன்னதாகவே நாற்காலியும் சிறு மேசையும் போட்டிருந்தார்கள். அவர் அமர்ந்து, இடது காலை மட்டும் மெல்ல மடக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டார். “இந்தப் பக்கம் மடங்குகிறது, அண்ணாச்சி” என்றார். பக்கத்து இலையில் இருந்த அவர் தம்பி, தமக்குச் சில நாளாக முழங்கால் வலிக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நண்பர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு, வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். மறுநாட் காலையிலேயே இருவரும் டாக்டரிடம் புறப்பட்டார்கள்.